காலநிலை, புவி அறிவியல் பாடத்துக்குக் கணினிக் கருவிகள்: நம் தீவின் தரவை வகுப்புக்குள் கொண்டுவருவது எப்படி?

ரோஸ்ஹில்_ஒளி (ரோஸ்ஹில்)

அனைவருக்கும் வணக்கம். கிரேடு 9 முதல் 11 வரை உள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பில் காலநிலையும் புவி அறிவியலும் தமிழில் நடத்தப் பாடம் தயாராகிறது. சைக்ளோன், கடல்மட்டம், பவளப்பாறை வெளிறுதல், எரிமலை நான்கும் கட்டாயம் வேண்டும். கையில் இருப்பது ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், ஆறு டேப்லெட். கோவில் மண்டபத்து வைஃபையை நம்பிப் பாடம் போட முடியாது.

'சிறந்த 50 தளங்கள்' மாதிரிப் பட்டியல் வேண்டாம், அது தேடினால் கிடைக்கும். எந்தக் கருவி எந்தப் பாடத்துக்கு, அதில் என்ன அமைக்க வேண்டும், எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவி. முடிந்தவரை மொரீஷியஸ், ரீயூனியன் என்ற நம் தீவுகளின் தரவாக இருக்கட்டும். புத்தகத்தில் வரும் புயல் வட அரைக்கோளத்துப் புயல், சுழல்வதே எதிர்ப்பக்கம்.

---

வாடைக்காற்று (சான் தெனி, ரீயூனியன்)

அக்கா, சைக்ளோனில் தொடங்குங்கள். 2024 ஜனவரி 15, பெலால் புயல். எங்களுக்கு ஊதா (உச்ச) எச்சரிக்கை வந்த நாள், உங்களுக்குப் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த நாள். பிள்ளைகளுக்கே நினைவிருக்கும்.

முதலில் நாசா வேர்ல்ட்வியூ, நாள்தோறும் எடுத்த செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் தளம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தேதியை 2024 ஜனவரி 14க்கு மாற்றுங்கள். அடிப்படைப் படமாக மோடிஸ் வந்தால் அதை எடுத்துவிட்டு வியர்ஸ் உண்மை நிறப் படத்தைப் போடுங்கள், இரண்டும் செயற்கைக்கோள் கேமராக்கள். மோடிஸின் பாதை அகலம் 2330 கி.மீ., நம் அட்சரேகையில் அடுத்தடுத்த பாதைகளுக்கு நடுவே கறுப்புப் பட்டை விழும், புயலின் கண் சரியாக அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். வியர்ஸ் சுமார் 3000 கி.மீ. அகலம், இடைவெளி வராது. கீழே உள்ள காலக்கோட்டை ஒவ்வொரு நாளாக நகர்த்தி, கேமரா பொத்தானால் படங்களை வீட்டிலேயே சேமித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இணையம் தேவைப்படாது.

இரண்டாவது, நல்ஸ்கூல் எர்த், உலகக் காற்றோட்டத்தை ஓடும் கோடுகளாகக் காட்டும் தளம். முகவரியில் தேதியும் மணியும் எழுதப்பட்டிருக்கும், அங்கேயே 2024/01/15/0000 என்று மாற்றினால் அந்த நேரத்துக் காற்றைக் காட்டும். அந்த மணி உலகப் பொது நேரம். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் 4 மணி நேரம் கூட்ட வேண்டும், ஆக அது காலை 4 மணி. கூட்ட மறந்தால் படமும் பிள்ளைகளின் நினைவும் ஒத்துப்போகாது, 'இது தப்பு மிஸ்' என்பார்கள். உயரத்தை மேற்பரப்பு, 850, 500, 250 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு, எண் குறையக் குறைய உயரம் கூடும்) என்று மாற்றிக் காட்டுங்கள். கீழே வலஞ்சுழியாக உள்ளே இழுக்கும் காற்று மேலே போகப் போகத் தளர்ந்து, உச்சியில் வெளியே விரிவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். புயல் ஏன் ஓர் இயந்திரம் போல ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் நான் அறிந்தவரை இல்லை.

---

தளத்துமழை (க்யூர்பிப்)

நல்ஸ்கூலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் ஓடுகிற காற்றுக்கோடு எதுவும் யாரும் அளந்தது அல்ல. ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரியின் விடை. அதன் கட்டம் ஒன்று 25 கி.மீ.க்கும் மேல். நம் தீவு நீளவாக்கில் சுமார் 65 கி.மீ., அகலவாக்கில் 45. கட்டம் நாலைந்துக்குள் தீவே முடிந்துவிடும். மோக்கா மலையும் இல்லை, பிளாக் ரிவர் பள்ளத்தாக்கும் இல்லை. புயலின் கண் 20, 30 கி.மீ. அகலம்தான் என்றால் அதுவும் இழுபட்டு மழுங்கும், உச்சக் காற்று உண்மையைவிடக் குறைவாகவே வரும். பிள்ளைகள் அந்த எண்ணைச் சுட்டி 'பெலால் இவ்வளவுதானா?' என்று கேட்டால் அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும்.

என் கருத்தில் பிள்ளைகள் முதலில் தாங்களே அளக்க வேண்டும். அதன் பிறகு திரை.

---

வாடைக்காற்று (சான் தெனி, ரீயூனியன்)

ஐயா சொல்வது சரி, ஆனால் முழுவதும் அல்ல. இங்கிருந்து அகலேகா வரை, அந்தப் பக்கம் ரோட்ரிக்ஸைத் தாண்டி ஆஸ்திரேலியா வரை கடல்தான். அங்கே காற்றுமானி வைத்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. செயற்கைக்கோள் அளவுகளும் கப்பல், மிதவை அளவுகளும் மாதிரிக்குள் போய்த்தான் ஒரு முழுப் படம் கிடைக்கிறது. மாதிரியை விலக்கினால் புயல் பாடமே நடத்த முடியாது.

நான் பரிந்துரைப்பது: திரையில் எந்தப் படம் வந்தாலும் பிள்ளைகள் நோட்டில் ஒரு வரி எழுதட்டும். அளந்ததா, கணக்கிட்டதா, இரண்டும் கலந்ததா? வேர்ல்ட்வியூ படம் அளந்தது. நல்ஸ்கூல் கணக்கிட்டது. பவளப்பாறை வெப்ப வரைபடம் கலந்தது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்தக் கருவியையும் தைரியமாகக் கொடுக்கலாம்.

---

தளத்துமழை (க்யூர்பிப்)

அந்த ஒரு வரி நோட்டு நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். அளக்கும் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

செலவே இல்லாத வழி ஃபைஃபாக்ஸ் செயலி, ஆஹன் பல்கலைக்கழகத்தார் செய்தது. போனில் காற்றழுத்த உணரி இருந்தால் போதும். மலிவு போன்களில் பெரும்பாலும் இருக்காது, செயலியைத் திறந்தால் அந்தச் சோதனை மங்கலாகத் தெரியும், வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலை முருகன் கோவில் படிக்கட்டுதான் இதற்கு ஏற்ற ஆய்வுக்கூடம். அடிவாரத்தில் பதிவைத் தொடங்கி, மெதுவாக ஏறி, மேலே இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, திரும்ப அடிவாரத்துக்கு வந்து நிறுத்த வேண்டும். 8.5 மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். கீழே திரும்பியதும் ஆரம்ப எண்ணே வர வேண்டும். வராவிட்டால் இடையில் வானிலை நகர்ந்திருக்கிறது, அந்த வித்தியாசத்தை நேரப்படி பங்கிட்டுக் கழிக்க வேண்டும். போன் பாக்கெட்டில் இருந்தால் உடல் சூட்டில் உணரி சற்று நகரும், கையில் நிழலில் பிடிக்கச் சொல்லுங்கள்.

சொந்தமாக நிலையம் கட்டுவதென்றால்: இஎஸ்பி32 பலகை (சிறு கணினிப் பலகை), பிஎம்இ280 உணரி (அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் அளப்பது), கவிழ்கிண்ண மழைமானி (கிண்ணம் நிறைந்து கவிழ்வதை எண்ணுவது). மூன்றிலும் பொறி உண்டு.

பிஎம்இ280 என்று விற்பதில் பல உண்மையில் பிஎம்பி280. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஈரப்பதம் மட்டும் அளக்காது. பதிவேட்டு எண்ணைப் படித்தால் தெரிந்துவிடும்: 0x60 வந்தால் அசல், 0x58 வந்தால் ஈரப்பதம் இல்லாதது. முகவரி 0x76 அல்லது 0x77, ஒன்றில் பதில் இல்லையென்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

மழைமானி ஒரு கவிழ்ப்புக்கு 0.2794 மி.மீ. என்று காகிதத்தில் இருக்கும். நம்பாதீர்கள். வாய் 11க்கு 5 செ.மீ. என்றால் பரப்பு 55 சதுர செ.மீ. அடியில் ஊசித் துளையிட்ட டம்ளரில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள், கால் மணி நேரமாவது ஆகட்டும். 100 மி.லி. அந்தப் பரப்பில் 18.2 மி.மீ. மழை, 65 கவிழ்ப்பு வர வேண்டும். 58 வந்தால் பெருக்கெண்ணை மாற்ற வேண்டும் அல்லது அடித்திருகைச் சரிசெய்ய வேண்டும். வேகமாக ஊற்றினால் கிண்ணம் கவிழும் நொடியில் வரும் நீர் கணக்கில் சேராது. பெருமழையில் நடப்பதும் அதுவே.

நிரலில் ஒரு கவிழ்ப்பு இரண்டு மூன்றாக எண்ணப்படும், உள்ளே இருக்கும் காந்தச் சுவிட்ச் அதிர்வதால். 200 மில்லி நொடிக்குள் வரும் அடுத்த துடிப்பை விட்டுவிடச் சொல்லுங்கள். மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் ஒரு கவிழ்ப்புக்கு 5 நொடி ஆகும், ஆகவே உண்மையான மழை எதுவும் தப்பாது.

இடம்: கான்கிரீட் தளத்தின் ஓரத்தில் வைக்காதீர்கள். காற்று சுவரில் மோதி மேலே எழும்பித் துளிகளைத் தூக்கிக்கொண்டு போகும். சுற்றியுள்ள சுவர், மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கட்டும். கிண்ணத்தில் எறும்பு கூடு கட்டும், புனலில் இலை அடைக்கும், வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள். பறந்து போனால் நிலையம் போவது மட்டுமில்லை, யார் தலையிலாவது விழும்.

---

பவளவேலி (மாஹெபூர்)

வகுப்பு எச்சரிக்கை என்றதும் ஒன்று. 1 முதல் 4 வரை உள்ள நம் வகுப்புகளைப் பிள்ளைகள் அமெரிக்கச் செய்தியில் வரும் 1 முதல் 5 வரையான தரங்களோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது புயலின் பலம். நம்முடையது மணிக்கு 120 கி.மீ. குத்துக்காற்று தீவுக்கு வர இன்னும் எவ்வளவு அவகாசம் என்பது. நான்காம் வகுப்பில் அந்தக் காற்று வந்தேவிட்டது. அதனால் பலமான புயல் விலகிப் போனால் முதல் வகுப்போடு நிற்கும், நடுத்தரப் புயல் நேராக வந்தால் நான்கு வரை ஏறும். பாடத்தின் முதல் பத்து நிமிடம் இதற்கே போகட்டும்.

---

ரோஸ்ஹில்_ஒளி (ரோஸ்ஹில்)

மிக்க நன்றி. க்யூர்பிப் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நிலையம் வைத்தால் அழுத்தம் 950 என்று வருமாமே? அது பெரும்புயலின் எண் அல்லவா?

---

தளத்துமழை (க்யூர்பிப்)

க்யூர்பிப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். அங்கே சாதாரண நாளிலேயே 950 அளவில்தான் இருக்கும். வானிலை அறிக்கையில் வரும் எண் கடல்மட்டத்துக்குத் திருத்தியது. நிலையத்தின் உயரத்தைக் கூகுள் எர்த்தில் பார்த்து நிரலில் போட்டு, அதே நேரத்து ப்ளேஸான்ஸ் விமான நிலைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 1 ஹெக்டோபாஸ்கலுக்குள் ஒத்து வந்தால் நல்ல உணரி. நிலையான வித்தியாசம் இருந்தால் அதைக் கழித்துவிடலாம்.

இன்னொன்று. வரைபடத்தில் தினமும் இரண்டு மேடு, இரண்டு பள்ளம் தெரியும். காலை 10, இரவு 10 அளவில் உச்சம். காலை 4, மாலை 4 அளவில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 2 ஹெக்டோபாஸ்கல். உணரி கெட்டுவிட்டது என்று எடுத்தெறிய வேண்டாம். சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் அலை அது, வெப்பமண்டலத்தில் தெளிவாகத் தெரியும். மாலை 3 மணிக்கு அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் புயல் என்று சொன்னால், நேற்று 3 மணிக்கு என்ன என்று கேளுங்கள். நேற்றைய அதே மணியோடு ஒப்பிட்டு 3, 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அப்போது கவனிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளை தன் கையால் செய்த கருவியில் இந்த அலையைப் பார்ப்பது பெரிய விஷயம். என்னைக் கேட்டால் நிலையம் கட்டுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

---

பவளவேலி (மாஹெபூர்)

கடல்மட்டம், பவளப்பாறை இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடல்மட்டத்துக்கு, உலகத் துறைமுகங்களின் கடல்மட்டப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்எம்எஸ்எல் தளத்தில் போர்ட் லூயிஸின் ஆண்டுச் சராசரி ஒரு சிறிய உரைக்கோப்பு, சில கிலோபைட்தான், எந்த வைஃபையிலும் இறங்கும். இரண்டு இடத்தில் சறுக்கும். அளவு இல்லாத ஆண்டுக்கு -99999 என்று போட்டிருக்கும். நீக்காமல் கோடு வரைந்தால் வரைபடம் பாதாளத்துக்குப் போய்விடும். எண்கள் 7000 மி.மீ. சுற்றி இருப்பதைப் பார்த்து 'கடல் 7 மீட்டர் ஏறிவிட்டதா?' என்பார்கள். எண் எதிர்மறையாகாமல் இருக்க வேண்டுமென்று தரமட்டத்தைக் கீழே எடுத்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஏறும் வேகம். விரிதாளில் சரிவுச் சார்பைப் போட்டால் ஆண்டுக்கு எத்தனை மி.மீ. என்று வந்துவிடும். பழைய பதிவும் புதிய பதிவும் தனித்தனியாக இருந்தால் ஒட்டிவிடாதீர்கள். அளவுகோலின் அடிமட்டம் வேறாக இருக்கலாம்.

பிறகு ஐந்து ஐந்து ஆண்டாக வெட்டி அதே சரிவை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் வேகமாக ஏறும், ஒன்றில் இறங்கக்கூடச் செய்யும். எல் நினோவும் இந்தியப் பெருங்கடலின் ஆட்டமும் குறுகிய காலத்தை ஆட்டிவைக்கும். நீண்ட பதிவு ஏன் வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஹவாய் பல்கலைக்கழகக் கடல்மட்ட மையத்தில் மணிக்கணக்கான தரவும் உண்டு. நம் ஓதம் சிறியது, அரை மீட்டர் அளவு. அதனால் புயல் வரும்போது கடல் மேலெழுவது தெளிவாகத் தெரியும். 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் 1 செ.மீ. எழும். அழுத்தம் 40 குறைந்தால் அதற்கு மட்டும் 40 செ.மீ.; காற்றும் அலையும் தள்ளுவது தனிக் கணக்கு.

பவளப்பாறைக்கு, அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் கோரல் ரீஃப் வாட்ச். அதில் 'வெப்ப வாரம்' என்ற கணக்கைப் பிள்ளைகள் கையால் போட வேண்டும். அந்த இடத்தின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 டிகிரி அல்லது அதற்கு மேல் ஏறிய வாரங்களை மட்டும் எடுத்து, கடைசி 12 வாரத்துக்குக் கூட்ட வேண்டும். ஒரு வாரம் 1, அடுத்தது 1.5, அடுத்தது 2 என்றால் மொத்தம் 4.5. 4 வந்தால் வெளிறத் தொடங்கும், 8ஐத் தாண்டினால் பெருமளவில் வெளிறும், சாகவும் செய்யும். 0.8 டிகிரி ஏறிய வாரத்தையும் கூட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை. 1க்குக் கீழே உள்ளது கணக்கில் சேராது.

அந்த வரைபடத்தின் ஒரு புள்ளி 5 கி.மீ. புளூ பேயில் கரைக்கும் அலை உடையும் பாறைக்கும் நடுவே உள்ள ஆழம் குறைந்த நீர் அதற்குள் தனியாகத் தெரியாது. வெயில் நாளில் அங்கே வெளிக்கடலைவிடச் சூடு அதிகம். ஆகவே டிஎஸ்18பி20 நீர்க்காப்பு வெப்ப உணரி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். தரவுக்கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை வேண்டும். அது இல்லாவிட்டால், அல்லது கம்பி விட்டுப்போனால் -127 என்று காட்டும். 85 என்று காட்டினால் அளவு முடியும் முன்பே படித்திருக்கிறீர்கள், முக்கால் நொடி பொறுத்துப் படிக்க வேண்டும். அரை டிகிரி வரை பிழை இருக்கும். 1 டிகிரிதான் எல்லை என்னும்போது அரை டிகிரி சின்ன விஷயமல்ல. நொறுக்கிய ஐஸை நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கி, கால் மணி நேரம் உணரியை வைத்து, 0க்கு எவ்வளவு விலகுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் செய்தால் 0க்குக் கீழே போகும், எல்லாம் வீண்.

---

கருங்கல் (போர்ட் லூயிஸ்)

எரிமலைக்கு இன்னும் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன்.

கூகுள் எர்த் ப்ரோவை மடிக்கணினியில் நிறுவுங்கள், இலவசம். அமைப்புகளில் வட்டுச் சேமிப்பை 2000 மெகாபைட்டுக்கு உயர்த்தி, காட்ட வேண்டிய இடம் எல்லாவற்றையும் வீட்டில் ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். பார்த்த இடம் சேமிப்பில் இருக்கும், மண்டபத்தில் இணையம் இல்லாமலே திறக்கும்.

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலிருந்து க்யூர்பிப் வழியாகக் கிழக்குக் கரை வரை ஒரு கோடு இழுத்து, அதன்மேல் வலது சொடுக்கி உயர வெட்டுமுகத்தைத் திறங்கள். பீடபூமியின் வடிவம் வந்துவிடும். அதன்மேல் மழையை எழுதுங்கள்: கிழக்கில் ஆண்டுக்கு சுமார் 1500 மி.மீ., நடுப் பீடபூமியில் 4000 வரை, மேற்கில் 900 அளவு. தென்கிழக்குக் காற்று மலையேறிக் குளிர்ந்து கொட்டுவதும், இறங்கும்போது காய்வதும் ஒரே படத்தில் முடிந்தது. உயரப் பெருக்கத்தை 3க்கு ஏற்றாதீர்கள். தீவே ஊசிமுனை போலத் தெரியும், பிள்ளைகள் அதையே உண்மை என்று மனத்தில் வைத்துக்கொள்வார்கள். 1.5 போதும்.

ரீயூனியனின் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலைக்கு கோப்பர்னிக்கஸ் பிரௌசர். எல்லா வசதியும் வேண்டுமென்றால் இலவசக் கணக்கு தொடங்க வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை எடுத்து, குற்றலை அகச்சிவப்புக் கலவையைப் போட்டால் சூடான குழம்பு ஆரஞ்சாக எரியும். சாதாரண நிறப் படத்தில் அது கறுப்புப் பாறையோடு கலந்து தெரியாமல் போகும். மேகம்தான் எதிரி. மேக அளவை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்துத் தேடுங்கள். எரிமலை வெடித்த தேதிகளை அங்குள்ள எரிமலை ஆய்வகத்தின் பிரெஞ்சு அறிக்கைகளில் எடுக்கலாம், நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தடையில்லை. 2007 ஏப்ரலில் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. அதற்கு சென்டினல் படம் கிடைக்காது, அந்தச் செயற்கைக்கோளே 2015இல்தான் மேலே போனது.

அடுத்தது வெப்பப்புள்ளிப் பாதை, அதாவது அடியில் குழம்பு ஊறும் ஓரிடத்தின் மேல் தட்டு நகரும்போது விழும் எரிமலை வரிசை. மஹாராஷ்டிரத்துத் தக்காணக் கரும்பாறை 66 மில்லியன் ஆண்டு, மாலத்தீவு அடிப்பாறை சுமார் 57, சாகோஸ் 49, மொரீஷியஸ் 8 முதல் 9, அதைவிட இளையது ரீயூனியன். எல்லாம் ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து வந்தவை. இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு, காலடிப் பாறையும் தக்காணத்தோடு உறவுடையது என்பது மறக்காது.

---

வாடைக்காற்று (சான் தெனி, ரீயூனியன்)

அருமை. தக்காணத்திலிருந்து ரீயூனியன் வரை தூரத்தை அளந்து 66 மில்லியனால் வகுத்து, தட்டின் வேகம் இதுதான் என்று சொல்லலாம் அல்லவா?

---

கருங்கல் (போர்ட் லூயிஸ்)

கூடாது, இங்கேதான் பல பாடக்குறிப்புகள் தவறுகின்றன. தக்காணம், மாலத்தீவு, சாகோஸ் இந்தியத் தட்டின் பக்கம். மொரீஷியஸும் ரீயூனியனும் ஆப்பிரிக்கத் தட்டின் பக்கம். நடுவே, கடல்தளம் இரு பக்கமும் விரியும் மத்திய இந்திய முகடு ஓடுகிறது. சுமார் 35 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்த முகடு ஊற்றுக்கண்ணின் மேலேயே கடந்துபோனது. அதன் பிறகு இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே இருக்கின்றன. ஒரே கோடாக அளந்தால் தட்டு ஓடிய தூரத்தோடு கடல்தளம் விரிந்த தூரமும் சேர்ந்துவிடும்.

இரண்டாகப் பிரியுங்கள். தக்காணம் முதல் சாகோஸ் வரை ஒரு கணக்கு, மொரீஷியஸ் முதல் ரீயூனியன் வரை மற்றொன்று. முதலில் கிடைக்கும் வேகம் இரண்டாவதைவிடப் பல மடங்கு. இந்தியத் தட்டு ஆசியாவில் மோதுவதற்கு முன் அசுர வேகத்தில் வந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தட்டுகளை ஓடவிட்டுப் பார்க்க ஜிபிளேட்ஸ். முழு மென்பொருள் பழைய மடிக்கணினிக்குக் கனம், அதன் இணையத்தளப் பதிப்பே போதும்.

---

இலைநரம்பு (வாக்வா)

பசுமைக்குடில் விளைவை எல்லோரும் தாண்டிவிட்டீர்கள். ஃபெட் தளத்தின் உருவகப்படுத்தலை ஒரே கோப்பாக இறக்கி டேப்லெட்டில் போடலாம், இணையமே வேண்டாம். அதில் மூன்றாவது பகுதி, அடுக்கு மாதிரி, கிரேடு 11க்குச் சரியாக இருக்கும். எதிரொளிப்பு 0.3, அடுக்கு எதுவும் இல்லை என்று வையுங்கள். வெப்பம் 255 கெல்வினில், அதாவது -18 டிகிரியில் நிற்கும். அகச்சிவப்பை முழுவதும் உறிஞ்சும் ஓர் அடுக்கைச் சேர்த்தால் 303, அதாவது 30 டிகிரி. உண்மைப் பூமி 15 டிகிரி. எத்தனை சதவீதம் உறிஞ்சினால் 15 வரும் என்று தேடச் சொல்லுங்கள், 77 அருகே வரும். அடுக்கைச் சேர்த்த உடனே எண்ணைப் படிக்கக் கூடாது, நிலைபெறச் சற்று நேரம் ஆகும். அவசரப்படும் குழுவுக்கு வேறு விடை வரும். ஃபெட்டில் பல உருவகப்படுத்தல்களுக்குத் தமிழ் உண்டு, இல்லாதவற்றை நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

காலநிலைத் தீர்வுகளைச் சோதித்துப் பார்க்கும் என்-ரோட்ஸையும் சேருங்கள். அது இணையத்தில் ஓடுவது, பிரெஞ்சிலும் கிடைக்கிறது. சறுக்கியை இழுக்கும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுத வேண்டும். மரம் நடுவதில் பெரிதாக எதிர்பார்ப்பார்கள், விடை சிறிதாக வரும், அங்கே விவாதம் பிறக்கும். நம் தீவு அதில் தனியாக இல்லை, உலகம் முழுவதற்குமான மாதிரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரியமில வாயுவுக்கு ஹவாயின் மௌனா லோவா பதிவை எல்லோரும் காட்டுகிறார்கள், 1959இல் பத்து லட்சத்தில் சுமார் 316 பங்கு, 2024இல் சுமார் 425. பக்கத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆம்ஸ்டர்டாம் தீவின் பதிவையும் வையுங்கள். ரீயூனியனிலிருந்து மரியோன் துஃப்ரேன் கப்பல் போகும் அதே தீவு. ஏற்றம் ஒன்றுதான், ஆனால் மௌனா லோவாவில் ஆண்டுதோறும் 6 பங்கு அளவுக்கு ஏறியிறங்கும் அலை இங்கே மிகச் சிறியது. ஏன் என்று கேட்டால் நிலமும் காடும் வடக்கில் அதிகம் என்பதில் போய் நிற்கும்.

---

தளத்துமழை (க்யூர்பிப்)

என்-ரோட்ஸ் கிரேடு 9க்கு வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் சறுக்கியை இழுப்பது விளையாட்டாக முடிந்துவிடும். கிரேடு 11க்கு, அடுக்கு மாதிரி முடிந்த பிறகு, சரி.

மழைக்கு ஓர் அளவுகோல். 2013 மார்ச் 30இல் போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. பெய்து 11 பேர் உயிரிழந்தார்கள். 2007 பிப்ரவரியில் கமேட் புயலில் ரீயூனியனின் கொமர்சோன் பள்ளத்தில் 72 மணி நேரத்தில் 3929 மி.மீ., உலகப் பதிவு அது. இரண்டையும் மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கட்டும். போர்ட் லூயிஸ் எண்தான் பெரிது. மொத்த மழை ஒரு கேள்வி, விழும் வேகம் வேறு கேள்வி, வடிகால் இரண்டாவதில்தான் தோற்கும்.

---

ரோஸ்ஹில்_ஒளி (ரோஸ்ஹில்)

எல்லோருக்கும் நன்றி. புயல் பாதை வரைய, உலகப் புயல் பதிவுகளின் தொகுப்பான ஐபிட்ராக்ஸ் கோப்பைத் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மட்டும் இறக்கியாயிற்று. எக்செல்லில் எண்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன, வரைபடம் வரவில்லை. தனியாக, அறிக்கைகளைப் பார்த்துப் பிள்ளைகள் தட்டெழுதிய பெலால் பாதை ஓமான் பாலைவனத்தில் விழுகிறது.

---

வாடைக்காற்று (சான் தெனி, ரீயூனியன்)

அக்கா, ஓமானுக்குக் காரணம் எளிது. அறிக்கையில் '20.3 தெற்கு' என்று இருக்கும், தட்டெழுதும்போது கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். வடக்கு 20, கிழக்கு 57 ஓமான். அட்ச, தீர்க்கத் தூண்கள் இடம் மாறியிருந்தால் ஐஸ்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக்கில் விழும். எங்கே விழுகிறது என்று பார்த்தாலே எது பிழை என்று சொல்லிவிடலாம்.

எக்செல்லுக்கு இரண்டு காரணம். அந்தக் கோப்பின் இரண்டாவது வரிசை அலகுகள், எண்கள் அல்ல, அதை அழித்துவிடுங்கள். அடுத்து, உங்கள் கணினி பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். அதற்குத் தசமக் குறி காற்புள்ளி, கோப்பிலோ புள்ளி. அதனால் எண்ணை எழுத்தாகவோ தேதியாகவோ எடுத்துக்கொள்கிறது. லிப்ரேஆபிஸில் திறங்கள். இறக்குமதிச் சாளரத்தில் மொழியை அமெரிக்க ஆங்கிலம், பிரிப்பானைக் காற்புள்ளி என்று வைத்தால் எல்லாம் வலப்பக்கம் போய் நிற்கும்.

வடிகட்டும்போது பருவ ஆண்டைக் கவனியுங்கள். நம் பக்கத்துப் பருவம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், முடியும் ஆண்டின் பெயரே பருவத்துக்கு. பெலால் 2024இல் இருக்கும், ஆனால் 2024 டிசம்பரில் மயோத்தைத் தாக்கிய ஷிடோவை 2025இல் தேட வேண்டும். காற்றுக்கு ரீயூனியன் என்று பெயருள்ள தூணை எடுங்கள், அது 10 நிமிடச் சராசரி. அமெரிக்கத் தூண் 1 நிமிடச் சராசரி, எண் பெரிதாக வரும். ஒரே வரைபடத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். அலகு நாட், 1.852ஆல் பெருக்கினால் மணிக்குக் கி.மீ.